உறைந்த மீன் இளகிய கதை

மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுப்பவர் நம்மில் குறைவு. வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்திப் பார்ப்போம். கண் தெளிவாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்போம். கடைசியில் "ஐஸ் மீன் இல்லையே?" என்று கேட்டும் வைப்போம். விலையை அடித்துப் பேசினால்கூட விற்கிற அம்மா பொறுத்துக்கொள்வார். இந்தக் கேள்விக்கு மட்டும் சுருக்கென்று கோபம் வரும். ஐஸில் கிடந்த மீன் என்றால் சக்கை, ருசி செத்தது என்று நம் ஊரில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது.

இருந்தும் உறைந்த மீன் வீட்டுக்குள் வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் உரித்த இறால் பாக்கெட் கிடைக்கிறது. டொராண்டோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளின் ஃப்ரீசரில் வஞ்சிரமும் பாரையும் நெத்திலியும் அடுக்கிக் கிடக்கின்றன. அந்தப் பாக்கெட்டுகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து இளக விடவும். அவசரமென்றால் குளிர்ந்த நீரில் வைக்கவும். இளகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. காலையில் பாக்கெட்டை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவதுதான் நடைமுறை.

அந்தச் சில வரிகள் உருவாக நூறு வருடங்களுக்கு மேல் பிடித்தது. மீனை உறைய வைத்தவருக்குப் பெயர் கிடைத்தது, பணமும் கிடைத்தது. இளக்கும் வித்தைக்கு மட்டும் ஒரு கண்டுபிடிப்பாளர் கிடையாது. ஆலைகளின் தலைவலியிலிருந்தும், விருந்துக்குப் பின் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களின் அனுபவத்திலிருந்தும், ஆய்வகத்து வெப்பமானியிலிருந்தும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்தது.

பைப்பரின் ஐஸ் பூச்சு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கேம்டன் என்றொரு கடலோர ஊர். அங்கே ஈனக் பைப்பர் என்பவர் மீனை உறைய வைக்கும் முறை ஒன்றுக்கு 1861-ல் காப்புரிமை வாங்கினார். மூடிய அறைக்குள் சால்மன் மீன்களைப் பரப்பி, அவற்றுக்கு மேல் ஐஸும் உப்பும் கலந்த தட்டுகளை வைத்தார். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே போகும். ஏறக்குறைய ஒரு நாளில் மீன் உறைந்துவிடும். பிறகு அதைத் தண்ணீரில் முக்கி எடுப்பார். உறைந்த உடம்பின் மேல் பட்ட நீர் அங்கேயே மெல்லிய ஐஸ் தோலாகப் படியும். காற்றுப் படாமலும் ஈரம் ஆவியாகாமலும் அந்தத் தோல் மீனைக் காத்தது.

இன்று இறால் பாக்கெட்டைப் பிரித்தால் ஒவ்வொரு இறாலின் மேலும் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறதே, அது பைப்பரின் யோசனைதான். வாங்கும்போது கனத்த பாக்கெட் இளகியபின் இளைத்துப் போவதற்கும் அது ஒரு காரணம். பூச்சு நீங்கலான நிகர எடை எவ்வளவு என்று பாக்கெட்டில் பார்த்து வாங்குவது நல்லது.

பைப்பரின் வழியில் ஒரு பெரிய குறை இருந்தது. மீன் நிதானமாக உறைந்தது. போதாததற்கு, அந்தக் காலத்தில் விற்றது போக மிஞ்சிய மீன்தான் பெரும்பாலும் குளிர்க்கிடங்குக்குப் போனது. ஏற்கெனவே தளர்ந்த மீன், மெதுவாக உறைந்து, மாதக்கணக்கில் கிடந்து, எப்படியோ இளகி அடுக்களைக்கு வந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்க வீடுகளிலும் நம் வீடுகளைப் போலவே முகம் சுளித்தார்கள்.

லாப்ரடாரில் நாற்பது டிகிரிக் குளிர்

கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1886-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பணமில்லாமல் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். 1912-ல் கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள லாப்ரடாருக்கு நரித்தோல் வியாபாரம் செய்யப் போனார். பின்னால் மனைவியையும் கைக்குழந்தையையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். குளிர்காலம் முழுக்கப் புதிதாக எதுவும் விளையாத ஊரில் குடும்பத்துக்குச் சாப்பாடு போட வேண்டிய கவலை அவருக்கு நிஜமாகவே இருந்தது.

அங்கிருந்த இன்யூயிட் மக்கள் கடல் ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிர், கூடவே காற்று. தண்ணீரை விட்டு வெளியே வந்த மீன் துள்ளி முடிப்பதற்குள் விறைத்துவிடும். அதை மாதங்கள் கழித்து இளக்கிச் சமைத்தால் அன்று பிடித்த மீனைப் போலவே இருந்தது. குளிர் அவ்வளவு கடுமையில்லாத நாட்களில் உறைந்த மீனோ இளகியதும் துவண்டது. ஒரே கடல், ஒரே மீன். எவ்வளவு சீக்கிரம் உறைந்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம் என்று கிளாரன்ஸுக்குப் பட்டது.

இன்யூயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த விஷயம் இது. கிளாரன்ஸ் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக நினைத்தார்.

டான்சிக் நகரத்து உருப்பெருக்கி

அதே 1886-ல் கீவ் நகரத்தில் பிறந்த இன்னொருவர் ருடால்ஃப் பிளாங்க். அன்று ஜெர்மனியின் பகுதியாகவும் இன்று போலந்தின் கிடான்ஸ்க் ஆகவும் உள்ள டான்சிக் துறைமுக நகரில் பேராசிரியராக இருந்தார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916-ல், ஏரன்பாம், ராய்ட்டர் என்ற இருவரோடு சேர்ந்து, மீனை விரைந்து உறைய வைத்தால் என்ன ஆகிறது என்ற ஆய்வை வெளியிட்டார். லாப்ரடாரில் ஒருவர் நாக்கால் அறிந்ததை இவர்கள் உருப்பெருக்கியில் பார்த்தார்கள்.

மீன் சதையில் முக்கால் பங்குக்கும் குறையாமல் தண்ணீர். அது ஐஸாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரியிலிருந்து ஐந்து டிகிரி வரையான இடைவெளியில்தான் சதையிலிருக்கும் நீரின் பெரும்பகுதி ஐஸாகிறது. இந்தக் கட்டத்தை மீன் மெதுவாகக் கடந்தால் ஐஸ் படிகங்கள் நிதானமாகப் பெருத்துச் சதையின் இழைகளை நெரிக்கும், கிழிக்கும். சட்டென்று கடந்தால் படிகங்கள் பொடிப்பொடியாக அங்கங்கே உருவாகி நின்றுவிடும், சேதம் குறைவு.

சேதம் எவ்வளவு என்பது மீன் உறைந்து கிடக்கும் வரை வெளியே தெரியாது. இளகும்போதுதான் குட்டு உடையும். கிழிந்த சதையிலிருந்து நீர் ஒழுகும். கிண்ணத்தின் அடியில் தேங்கும் அந்தக் கலங்கல் நீரில் மீனின் சத்தும் சுவையும் சேர்ந்து போகின்றன. நாம் சக்கை என்று சொல்வது இதைத்தான். நம் ஊர்த் தீர்ப்பு பொய்யில்லை. குற்றவாளி குளிர் என்று நினைத்ததுதான் பிசகு. மெதுவாக உறைய வைத்ததும் கண்டபடி இளக்கியதும்தான் அந்தக் குற்றத்தைச் செய்தன.

இரண்டு தகடுகள்

அமெரிக்கா திரும்பிய கிளாரன்ஸ் நியூயார்க்கில் தொடங்கிய முதல் மீன் கம்பெனி 1924-ல் திவாலானது. அடுத்த வருடம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பழைய மீன்பிடித் துறைமுகமான கிளாஸ்டரில் மறுபடி ஆரம்பித்தார். மீனை எலும்பு நீக்கித் துண்டாக்கி, தட்டையான அட்டைப் பெட்டியில் அடைத்து, கடுங்குளிரூட்டிய இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில் அழுத்தினார். இரு பக்கமும் உலோகம் ஒட்டி நின்றதால் வெப்பம் மளமளவென்று வெளியேறியது. பெட்டி மெலிதாக இருந்ததால் நடுப்பகுதியும் சீக்கிரம் உறைந்தது.

1929-ல் அந்தக் கம்பெனியும் காப்புரிமைகளும் 2 கோடியே 20 லட்சம் டாலருக்குக் கைமாறின. 1930 மார்ச் 6 அன்று மாசச்சூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைந்த மீனும் இறைச்சியும் காய்கறியும் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. இரட்டைத் தகடு பிறகு உலகெங்கும் போயிற்று. கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது 1953-ல். அன்று முதல் கேரளக் கரையிலும் தூத்துக்குடியிலும் எழுந்த ஏற்றுமதி ஆலைகளில் தகட்டு உறைகலன்களே இறாலைப் பலகை பலகையாக உறைய வைத்தன. நம் கடலில் பிடித்த இறாலை அயல்நாட்டு அடுக்களைகள் ஐஸ் கரைத்துச் சமைக்கக் கற்றுக்கொண்டது நமக்கு முன்பே நடந்தது.

கிளாரன்ஸ் பாதிக் கதையைத்தான் முடித்திருந்தார். உறைய வைக்கும் பாதியை ஆலை எடுத்துக்கொண்டது. இளக்கும் பாதியை வாங்கியவர் தலையில் கட்டியது.

இளகுவது ஏன் இழுத்தடிக்கிறது

ஒரு மணி நேரத்தில் உறைந்த துண்டு ஒரு மணி நேரத்தில் இளகிவிடும் என்று தோன்றும். அப்படி நடக்காது. மீன் துண்டு உறையும்போது வெளிப்பக்கம் முதலில் ஐஸாகிறது. ஐஸ், நீரைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். உள்ளே இருக்கும் வெப்பம் அதன் வழியாகச் சுலபமாக வெளியேறுகிறது. இளகும்போது எல்லாம் தலைகீழ். வெளிப்பக்கம் முதலில் நீராகிறது. நீர் வெப்பத்தை மந்தமாகத்தான் கடத்தும். நடுவிலிருக்கும் ஐஸுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. இளக இளகக் கம்பளி தடித்துக்கொண்டே போகிறது.

இன்னொரு தடையும் உண்டு. உறைய வைப்பவர் குளிரை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், மீன் தாங்கும். இளக்குபவர் சூட்டை அப்படிக் கூட்ட முடியாது. கொதிநீரில் போட்டால் ஓரம் வெந்து சுருங்கும், நடுவில் ஐஸ் அப்படியே நிற்கும். வெதுவெதுப்பில் நெடுநேரம் விட்டால் ஓரத்தில் கிருமி பெருகும். உறைதல் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. சூடு பட்டதும் அது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கப்பலும் ஃபிஷ் ஃபிங்கரும்

இந்தச் சிக்கலை முதலில் பெரிய அளவில் சந்தித்தது பிரிட்டன். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1929-ல் தொடங்கிய டாரி ஆய்வு நிலையம் மீனைக் கெடாமல் வைப்பது ஒன்றையே வேலையாகக் கொண்டிருந்தது. 1954-ல் ஃபேர்ட்ரை என்ற கப்பல் கடலுக்குப் போனது. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி, அங்கேயே உறைய வைக்கும் மிதக்கும் ஆலை அது. அதைத் தொடர்ந்து வந்த கப்பல்கள் முழுக் காட் மீன்களைப் பெரும் பலகைகளாக உறைய வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தன. டாரி நிலையம் வடிவமைத்த நிமிர்ந்த தகட்டு உறைகலன்கள் இதற்குக் கைகொடுத்தன.

பலகை கரைக்கு வந்தது. வெட்டுவதற்கு அதை இளக்க வேண்டுமே? ஆலைத் தரையில் பரப்பிவைத்தால் இரவெல்லாம் ஆனது. விடிவதற்குள் வெளிமீன் கெடத் தொடங்கியது. டாரி ஆட்கள் ஈரக் காற்றை வீசிப் பார்த்தார்கள், ஓடும் நீரில் போட்டுப் பார்த்தார்கள், வானொலி அலை அதிர்வெண் மின்சாரத்தைப் பலகையினூடே செலுத்தியும் பார்த்தார்கள். காற்று 20 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது, அசையாத காற்றைவிட வீசும் காற்று மேல் என்று கணக்குகள் வந்தன. நீருக்கும் அதே கதைதான். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால் ஒரே 20 டிகிரியில் இருந்தாலும் நீரில் கிடக்கும் மீன், மேசையில் கிடக்கும் மீனைவிட வெகு சீக்கிரம் இளகுகிறது.

வேறு சிலர் இந்தத் தொல்லையிலிருந்து நழுவ ஒரு குறுக்கு வழி கண்டார்கள். 1953-ல் அமெரிக்காவிலும் 1955-ல் பிரிட்டனிலும் பேர்ட்ஸ் ஐ நிறுவனம் விற்பனைக்கு விட்ட மீன் குச்சிகள், அதாவது ஃபிஷ் ஃபிங்கர், உறைந்த பலகையை வாளால் அறுத்து, மாவும் ரொட்டித்தூளும் பூசிச் செய்தவை. இளக்கும் கட்டமே கிடையாது.

வீட்டுக்கும் இது பொருந்தும். குடல் நீக்கிச் சுத்தம் செய்து உறைய வைத்த இறாலையோ மெல்லிய மீன் துண்டையோ கொதிக்கிற குழம்பில் நேராகவே போடலாம். வேக நேரம் கூடும், ஐஸ் பூச்சு கரைந்து குழம்பு நீர்க்கும். புளிக்கரைசலைக் கொஞ்சம் கெட்டியாக விட்டால் சரியாகிவிடும். எண்ணெய்ச் சட்டிக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம். ஐஸ் ஒட்டிய மீனைச் சூடான எண்ணெயில் இட்டால் தெறித்துக் கையைப் பதம் பார்க்கும்.

நஞ்சு சொல்லிக்கொடுத்த பாடம்

ஆலைகளுக்கு இளக்கல் நேரப் பிரச்சினை. சாப்பிட்டவர்களுக்கு அது உடம்புப் பிரச்சினை. சூரை, அயிலை, மத்தி, நெத்திலி, வஞ்சிரம் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் சில கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். அந்த மீனைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், வாய் எரியும், தலை வலிக்கும், உடம்பில் தடிப்பு எழும். எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவர்களில் சிலரை உண்மையில் படுத்தியது இதுவாக இருக்கலாம். ஹிஸ்டமின் ஒரு முறை உருவாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, மறுபடி உறைய வைத்தாலும் போகாது. நன்றாக வேகவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம் நம்பிக்கை இந்த இடத்தில் செல்லாது.

இன்னொரு நஞ்சு காற்றில்லாத இடத்தில் பிறப்பது. 1963-ல் அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் புகையிட்டு, காற்றை உறிஞ்சிய பையில் அடைத்து விற்ற மீனைச் சாப்பிட்டு மனிதர்கள் இறந்தார்கள். பொட்டுலினம் கிருமியின் ஈ வகை அதற்குக் காரணம். நீர்நிலைகளில் வாழும் இந்த வகை 3.3 டிகிரிக் குளிரிலும் வளரக்கூடியது. ஃப்ரிட்ஜின் குளிர் அதற்குப் போதுமான தடையில்லை. ஃப்ரீசரில் அசையாமல் கிடக்கும் அது, வேக்குவம் பாக்கெட்டுக்குள்ளேயே மீன் இளகி ஃப்ரிட்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் விழித்துக்கொள்ளும். வேக்குவம் பாக்கெட் மீனை இளக வைக்கும் முன் பையைக் கத்தரித்துக் காற்றுப் படும்படி வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும் என்ற விதி இப்படி வந்தது. பாக்கெட்டில் இந்த வரி இருந்தால் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1993-ல் வெளியிட்ட உணவு விதித்தொகுப்பு, ஓட்டல்களுக்கென்று நான்கு வழிகளை எழுதி வைத்தது: 5 டிகிரிக்கு மிகாத ஃப்ரிட்ஜ், 21 டிகிரிக்கு மிகாத ஓடும் நீர், மைக்ரோவேவ், ஆனால் உடனே சமைக்க வேண்டும், அல்லது சமையலின் போதே இளகுவது. வீடுகளுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்வது இன்னும் எளிது: நீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்கு ஒரு முறை நீரை மாற்ற வேண்டும். அரைக் கிலோ பாக்கெட் ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். மேசை மேல் வைப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை.

மைக்ரோவேவின் அவசரம்

மைக்ரோவேவ் அடுப்பு ராடாரின் வாரிசு. ராடார் கருவிக்கான மேக்னட்ரான் குழாய்களில் வேலை செய்துகொண்டிருந்த ரேதியான் நிறுவனத்துப் பெர்சி ஸ்பென்சர், அந்த அலைகள் உணவைச் சூடாக்குவதை 1945-ல் கண்டறிந்தார். மேசையில் வைக்கும் அளவுக்குச் சிறிய அமானா அடுப்பு 1967-ல் வந்தது. இளக்கும் தொல்லை தீர்ந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

தீரவில்லை. மைக்ரோவேவ் அலையை நீர் நன்றாக உறிஞ்சும், ஐஸ் அவ்வளவாக உறிஞ்சாது. துண்டில் எங்கேனும் ஒரு மூலை முதலில் நீரானால் அந்த மூலை அலைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இன்னும் சூடாகும். இறாலின் வால் வெந்து சிவந்திருக்க, நடுப்பகுதி ஐஸாகவே கிடப்பது இதனால்தான். டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் அடுப்பு சற்று ஓடி, சற்று நின்று, மறுபடி ஓடும். அந்த இடைவெளியில் சூடு மெதுவாக உள்ளே பரவட்டும் என்பதற்காக. துண்டு வளையும் அளவு இளகியதும், இன்னும் ஐஸ் கடிபடும்போதே வெளியே எடுத்து உடனே சட்டியில் போட்டுவிட வேண்டும்.

வெதுவெதுப்பான நீரின் வழக்கு

வெந்நீர் கூடாது என்ற விதியை அதே அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் ஒன்று பின்னாளில் சோதித்துப் பார்த்தது. ஓர் அங்குலத் தடிமனுள்ள மாட்டிறைச்சித் துண்டுகளை மூன்று விதமாக இளக்கினார்கள். ஃப்ரிட்ஜில் 18 முதல் 20 மணி நேரம் ஆனது. 20 டிகிரி நீரில் சுமார் 20 நிமிடம். 39 டிகிரி நீரில் 11 நிமிடம். அறிவியல் வழி நின்று சமையலை எழுதும் ஹெரால்ட் மெக்கீ 2011-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இதை எழுதியபோதுதான் பல வீடுகளுக்குச் செய்தி போயிற்று. 11 நிமிடத்தில் கிருமி பெருக அவகாசமில்லை. இறைச்சியிலிருந்து ஒழுகிய நீரும் வேகமாக இளக்கியதில் அதிகமாகவில்லை.

விதிகளுக்குப் பின்னே இருப்பது வெப்பமும் நேரமும் சேர்ந்த கணக்கு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. மெல்லிய துண்டு, நீர் புகாத பை, சில நிமிடம், உடனே அடுப்பு என்றால் வெதுவெதுப்பான நீரும் ஆபத்தில்லை. முழு வஞ்சிரத்தை அப்படி இளக்கப் பார்த்தால் மணிக்கணக்காகும், வெளிச்சதை கெட்டுப்போகும்.

நம் ஊர்த் தண்ணீருக்கு ஒரு கணக்கு

குளிர்ந்த குழாய் நீர் என்று எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் 30 டிகிரியைத் தாண்டும். அதைக் குளிர்ந்த நீர் என்று எந்த விதித்தொகுப்பும் ஒப்புக்கொள்ளாது.

இங்கே மீனே நமக்கு உதவுகிறது. ஃப்ரீசரில் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் கிடந்த ஒரு கிலோ மீனை முழுக்க இளக்கச் சுமார் 70 கிலோகலோரி வெப்பம் தேவை. 28 டிகிரி நீர் 5 லிட்டர் எடுத்துக்கொண்டால், அந்த வெப்பத்தைக் கொடுத்து முடிக்கும்போது நீர் 14 டிகிரிக்கு இறங்கிவிடும். 3 லிட்டர் மட்டும் எடுத்தால் 5 டிகிரி வரை இறங்கும். அதற்குள் வேகமெல்லாம் அடங்கிவிடும், பையைச் சுற்றியிருக்கும் நீர் சில்லிட்டுச் சும்மா நிற்கும். பாதி வழியில் நீரை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். நடுவில் இரண்டு மூன்று முறை கையால் கலக்கிவிட்டாலும் பலன் தெரியும். கோடையில் நீர் மிகச் சூடாக இருந்தால் ஒரு கைப்பிடி ஐஸ் கட்டியைப் போட்டுத் தொடங்கலாம். பெரிய மீன் என்றால் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், வடியும் நீர் வேறெதிலும் சிந்தாதபடி ஒரு குண்டானில் வைத்துவிடுவதே நல்லது. ஃப்ரிட்ஜில் இளகியதை மனம் மாறினால் மறுபடி உறைய வைப்பதில் ஆபத்தில்லை, ருசிதான் குறையும். நீரிலோ மைக்ரோவேவிலோ இளகியதைச் சமைத்த பிறகே உறைய வைக்கலாம்.

பை முக்கியம். பையில்லாமல் நீரில் மிதக்க விட்ட இறால் நீரை உறிஞ்சிச் சுவையை இழக்கும். பைக்குள் காற்று நின்றாலும் கெடுதல்; காற்று வெப்பத்தைத் தடுக்கும், பையும் மிதக்கும். வாயைத் திறந்தபடியே பையை மெல்ல நீருக்குள் இறக்கினால் காற்று தானே வெளியேறும். வாய் நீர்மட்டத்தைத் தொடுவதற்கு முன் மூடிவிட வேண்டும்.

நீரே வேண்டாம் என்பவருக்கு அலுமினியம் இருக்கிறது. எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும் உலோகம் அது. பழைய அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து, அதன் மேல் மெல்லிய மீன் துண்டைப் பையோடு தட்டையாக வைத்து, மேலே இன்னொரு அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஏற்றிவைத்தால் துண்டு கண்ணெதிரே இளகத் தொடங்கும். கிளாரன்ஸ் கிளாஸ்டரில் செய்த அதே இரட்டைத் தகடுதான். அவர் வெப்பத்தை வெளியே எடுத்தார், இங்கே உள்ளே விடுகிறோம்.

உறைய வைக்கும் நாளிலேயே

ருடால்ஃப் பிளாங்க் உறையும் நேரத்துக்கு ஒரு சூத்திரமும் எழுதினார். குளிர்பதனத் துறை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு வரை கூடும் என்பது அதன் சாரம். இளகுவதற்கும் அது பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு கிலோ வாங்கி, அலசி, ஒரே பையில் உருண்டையாகக் கட்டி ஃப்ரீசரில் தள்ளுகிற வீட்டில் ஆலையும் அடுக்களையும் ஒன்றுதான். அந்த உருண்டை மெதுவாக உறையும், அதைவிட மெதுவாக இளகும். பிளாங்க் சொன்ன சேதம் இரண்டு தடவையும் நடக்கும். அதே மீனை ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்து, பைக்குள் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றை வழித்தெடுத்து, ஃப்ரீசர் தட்டில் படுக்க வைத்தால் சீக்கிரம் உறையும். வேண்டிய அன்று சாதம் வடிப்பதற்குள் தண்ணீரில் இளகியும் விடும். துரிதமாக இளக்க வேண்டியவர் செய்ய வேண்டிய முதல் வேலை, மீன் வாங்கிய அன்றே முடிந்துவிடக்கூடியது.